பனந்தும்பும் குடலடைப்பும்

நாம் உண்ணும் உணவு இரைப்பையைக் கடந்து, ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளமுடைய சிறுகுடலின் வழியே பெருங்குடலைச் சென்றடைதல் நம் எண்ணத்தின் துணையின்றியே நாள்தோறும் நிகழ்வது. அவ்வழி ஏதேனும் ஓரிடத்தில் அடைபட்டு, உணவும் நீரும் காற்றும் மேற்கொண்டு செல்லவியலாது நிற்கும் நிலையையே குடலடைப்பு என்கின்றோம். அடைப்புக்கு மேலேயுள்ள குடல், தடையைத் தள்ளிவிட முயன்று மீண்டும் மீண்டும் இறுகிச் சுருங்குகின்றது. அதனால் அலையலையாக எழுந்து தணியும் வலி தோன்றுகின்றது. கீழே செல்ல முடியாதவை மேல்நோக்கித் திரும்பி வாந்தியாகின்றன. வயிறு பொருமுகின்றது. மலமும் காற்றும் பிரிவதில்லை.

இந்நோயின் கொடுமை வலியில் மட்டும் அடங்குவதன்று. உமிழ்நீர் முதல் குடற்சாறு ஈறாக, வளர்ந்த ஒருவரின் உணவுக்கால்வாயினுள் ஒரு நாளில் ஏழு எட்டு லீற்றர் நீர் சுரந்து, அதன் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்தினுள் உறிஞ்சப்படுகின்றது. குடல் அடைபட்டதும் இந்நீர் குடலினுள்ளேயே தேங்கியும் வாந்தியாக வெளியேறியும் உடலுக்கு இழப்பாகிவிடுகின்றது. நோயாளி ஒரு துளி இரத்தமும் சிந்தாமலே இரத்த ஓட்டம் குன்றி மயக்கமுறுகின்றார். உப்பிய குடலின் சுவரில் அழுத்தம் மிகுந்து இரத்தம் பாய்தல் நிற்குமாயின், சுவர் அழுகித் துளைபட்டு, வயிற்றறை முழுவதும் நச்சாகும். குடலடைப்புச் சிகிச்சையில் நேரமே முதன்மையான மருந்து என்று சத்திர சிகிச்சையாளர் கூறுவது இதனாலேயே.

குடல் அடைபடுவதற்கான காரணங்கள் பல. முன்னர் செய்த சத்திர சிகிச்சையின் பின் வயிற்றினுள் தோன்றும் ஒட்டுக்கள், குடலிறக்கம், கட்டிகள் என்பனவே இன்று உலகெங்கும் முன்வரிசையில் நிற்பவை. நம் பகுதிகளில் குடற் காசநோயையும், சிறுவரிடத்து வட்டப்புழுத் திரளையும் இவற்றுடன் சேர்த்து எண்ணுவது வழக்கம். இவையெல்லாவற்றுக்கும் பின்னால், பாடநூல்களில் ஒரு சில வரிகளுள் கூறி முடிக்கப்படும் ஒரு காரணம் உண்டு: உண்ட உணவே சமிக்காது திரண்டு, கட்டியாகிக் குடலை அடைத்தல். குடலடைப்பு நோயாளருள் நூற்றுக்கு நால்வருக்கு மேல் இக்காரணத்தால் வருவதில்லை என்பதே மருத்துவ நூல்களில் பொதுவாகக் காணப்படும் கணிப்பு. நூற்றுக்கு ஒருவரினும் குறைவு என்போரும் உளர். தாவர நாரினால் ஆகிய இத்திரளை இக்கட்டுரையில் 'நார்க்கட்டி' என வழங்குவோம். அரிதான இந்நோயைப் பற்றி யாழ்ப்பாணத்துத் தமிழ் வாசகருக்கு எழுதப் புகுந்தமைக்கு நியாயம் உண்டு. இதனைக் கண்டுபிடிப்பதில் விலையுயர்ந்த கருவிக்கு முன்னதாக உதவக்கூடியது, நோயாளியின் உணவையும் பேச்சையும் அறிந்த ஒருவர் கேட்கும் ஒரு கேள்வியே என்பதுதான் அது.

மேனாட்டு மருத்துவர் இத்தகைய கட்டிகளை 'பெசோர்' என்பர். நஞ்சை முறிப்பது எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லின் திரிபு அது. ஆடு முதலிய விலங்குகளின் இரைப்பையில் மயிரும் நாரும் உப்பும் படிந்து உருவாகும் கற்களை எந்நஞ்சுக்கும் மாற்றாகக் கருதி, மன்னரும் பிரபுக்களும் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. (நம் நாட்டு மருந்துகளில் வழங்கும் கோரோசனை இதனோடு ஒப்புமை உடையதாயினும் ஒன்றன்று; அது மாட்டின் பித்தப்பையில் விளைவது.) 1563இல் கோவாவில் தம் நூலை வெளியிட்ட போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, இக்கற்கள் பாரசீகத்தில் மட்டுமன்றிக் குமரிமுனைக்கு அணித்தான 'பசுத்தீவு' என்னும் தீவின் ஆடுகளிலும் கிடைப்பதாகக் குறிப்பிடுகின்றார். போர்த்துக்கேயர் நெடுந்தீவை அழைத்த பெயரும் அதுவேயாதலின், அவர் கூறும் தீவு நம் நெடுந்தீவே எனக் கொள்ளுதல் பொருந்தும். அதே நூற்றாண்டில் பிரெஞ்சுச் சத்திர வைத்தியர் அம்புறுவாசு பாரே, தூக்குத் தண்டனை பெற்ற சமையற்காரன் ஒருவனுக்கு நஞ்சுடன் இக்கல்லையும் கொடுத்துச் சோதித்தபோது, அவன் சில மணி நேரம் துடித்து மாண்டான். கல்லின் புகழ் அதன் பின்னரும் நெடுநாள் குன்றவில்லை. மனித வயிற்றினுள் விளையும் கட்டிக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. ஆயின் இங்கே அது நஞ்சை முறிப்பதன்று, உயிரை வாங்குவது.

இனி, நார்க்கட்டி எவ்வாறு உருவாகின்றது என்பதை நோக்குவோம். மனிதனின் சமிபாட்டு நொதியங்களால் தாவரச் செலுலோசையும் இலிக்னினையும் உடைக்க இயலாது. ஆயினும் நாள்தோறும் கீரையும் நாரும் உண்ணும் நமக்குக் குடல் அடைபடுவதில்லை. அதற்குக் காரணமான காவலர் மூவர். முதலாவது காவலர் பற்கள். அவை நீண்ட நாரைத் துண்டு துண்டாக்குகின்றன. இரண்டாவது, இரைப்பையின் கீழ்ப்பகுதி. அமிலத்தில் ஊறிய உணவை அது அரைகல் போல நின்று அரைக்கின்றது. மூன்றாவது, இரைப்பையின் வாயிலில் உள்ள இறுக்கித் தசை. போதிய அளவு நுண்ணிதாக அரைபடாத எதனையும் அது எளிதில் கீழே விடுவதில்லை. இம்மூவரும் தத்தம் பணியைச் செய்யுமட்டும் நார் நமக்கு நன்மையே தருகின்றது.

இக்காவலரை நீக்கிவிட்டது, அதுவும் நன்னோக்குடன் நீக்கிவிட்டது, மருத்துவமே என்பது சிந்திக்கத்தக்கது. இரைப்பைப் புண்ணும் முன்சிறுகுடற் புண்ணும் தென்னிந்தியாவிலும் நம் நாட்டிலும் பலரை வாட்டிய நோய்கள். சித்த மருத்துவர் எண்வகைக் குன்மம் என வகுத்தவற்றுள் இவையும் அடங்கும் எனலாம். அமெரிக்கச் சத்திர சிகிச்சையாளர் இலெசுற்றர் டிராக்சுதெட், இரைப்பைக்குச் செல்லும் வேகசு நரம்பை அறுத்து அமிலச் சுரப்பைக் குறைக்கும் முறையை 1943இல் கைக்கொண்டார். அவ்வாறு நரம்பை அறுத்தால் இரைப்பையின் அசைவும் மந்தமாகிவிடும். ஆதலால் வாயிலை அகலப்படுத்துதல், அல்லது இரைப்பையை நேராகச் சிறுகுடலுடன் இணைத்தல் என்னும் இரண்டாம் வேலையும் உடன் செய்யப்பட்டது. பல பத்தாண்டுகள் இதுவே புண்ணுக்குரிய வழமையான சத்திர சிகிச்சையாக விளங்கியது. 1976இல் சிமெற்றிடீன் என்னும் மாத்திரை வந்தது. 1980களின் தொடக்கத்தில் அவுத்திரேலியரான மார்சலும் உவாரனும் புண்ணின் பெருங்காரணம் ஒரு பற்றீரியமே என்பதை வெளிப்படுத்தினர். அதற்காக 2005இல் நோபல் பரிசும் பெற்றனர். இன்று புண்ணுக்காக நரம்பை அறுப்போர் அரியர். அறுவை வழக்கொழிந்தது, அறுக்கப்பட்டோர் நம்மிடையே இன்னும் வாழ்கின்றனர். அன்று இளைஞராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்தவர். மேல்வயிற்றின் நடுவே நெஞ்செலும்பிலிருந்து கொப்பூழ் வரை இறங்கும் தழும்பு அவர்தம் அடையாளம். அமிலம் குறைந்தது, அரைக்கும் ஆற்றல் குன்றியது, வாயில் திறந்தே கிடக்கின்றது. எஞ்சி நின்ற ஒரே காவலராகிய பற்களையும் முதுமை கொண்டுபோய்விட்டது. நெடுநாள் நீரிழிவும் சேருமாயின் இரைப்பையின் அசைவு மேலும் தளர்வுறும். இவ்வாறான ஒருவர் தும்பு மிக்க பண்டத்தை அவசரமாக விழுங்குவாராயின், அது இரைப்பையில் தங்கித் திரண்டோ, திறந்த வாயிலினூடாக நேரே சிறுகுடலில் இறங்கியோ அடைப்பை உண்டாக்கலாம்.

எல்லா நாரும் ஒரு தன்மையன அல்ல. இரைப்பைச் சத்திர சிகிச்சை பெற்றவரிடத்துத் தோடம்பழச் சுளையின் தோலும் வெண்ணாரும் கட்டியாதல் மேனாட்டு நூல்களில் நெடுங்காலமாகவே பதிவாகியுள்ளது. எல்லாவற்றிலும் கொடியது யப்பான், கொரியா முதலிய நாடுகளில் விரும்பி உண்ணப்படும் பேர்சிமன் பழத்தினால் வருவது. அப்பழத்தின் காயிலும் தோலிலும் உள்ள தனின் என்னும் துவர்ப்புப் பொருள், இரைப்பை அமிலத்துடன் சேர்ந்ததும் இறுகி, நாரையும் புரதத்தையும் பசைபோல ஒட்டிக் கல்லாக்கிவிடுகின்றது. பேர்சிமன் நமக்கு அந்நியம் போலத் தோன்றலாம். ஆனால் அது நம் கருங்காலிக்கும் பனிச்சைக்கும் ஒரே பேரினத்து உறவு. பனிச்சங்காயின் சாற்றை வலைக்கு ஊட்டி உரமேற்றும் பழைய வழக்கத்தை அறிந்த கடற்றொழிலாளருக்கு, தனின் நாரை எவ்வாறு இறுக்கும் என்பதை எந்த வேதியியல் ஆசிரியரும் விளக்கவேண்டியதில்லை. வலையில் நிகழ்வதே வயிற்றிலும் நிகழ்கின்றது.

யாழ்ப்பாணத்து உணவில் நார்க்கட்டிக்கு இடந்தரக்கூடியது எது என்று வினவினால், பனையை நினையாமல் இருக்க முடியாது. பனம்பழத்தின் களியைச் சுற்றி நிற்கும் தும்பு, நீளத்திலும் வலுவிலும் கயிற்றுக்கு நிகரானது. ஆயின் சூப்புவோர் அதனை விழுங்குவதில்லை. ஐயத்துக்குரியது கிழங்கே. ஆடி ஆவணியில் விழுந்த பழத்தின் விதைகள் பாத்தியில் புதைக்கப்பட்டு, மார்கழி தை மாதங்களில் கிழங்காகக் கிண்டப்படுகின்றன. அவித்த கிழங்கைப் பிளந்து, நெடுக்கே ஓடும் தும்பை உரித்து உண்ணுதலே முறை. நல்ல பல்லுள்ளவர் மென்று சக்கையைத் துப்பிவிடுவர். பல்லில்லாதவர் மெல்லுதல் இயலாது. துப்புதலும் சபையில் நாகரிகமன்று என எண்ணி விழுங்கிவிடுதல் கூடும். அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் இன்னும் வலிது. இரண்டு மூன்று கிழங்குகளின் தும்பு ஒருசேர இரைப்பையில் கிடந்து புரளுமாயின், அது பின்னிக்கொள்ளும் விதம் கயிறு திரிப்பதை ஒக்கும். தும்பின் அமைப்பை வைத்துக் கூறுவதே இது; பனைமீது பழி சுமத்துவதன்று. சோறு அரிதான காலங்களிலெல்லாம் குடாநாட்டின் ஏழை வயிறுகளைக் காத்தது ஒடியல் மா. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனிக்கு மாற்றாகக் கைகொடுத்தது பனங்கட்டி. ஆபத்து பண்டத்தில் இல்லை. காவலிழந்த இரைப்பையும் அரைபடாத தும்பும் சந்திப்பதிலேயே உள்ளது.

இரைப்பையை விட்டு இறங்கிய கட்டி சிறுகுடலின் மேற்பகுதியைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றது. அது வந்து நிற்பது, சுருட்குடல் பெருங்குடலைச் சேரும் வாயிலுக்கு மேலே, பெரும்பாலும் ஐம்பது அறுபது சென்ரிமீற்றர் தொலைவுக்குள். அங்கே குடலின் உள்விட்டம் குறுகுகின்றது, அசைவு தளர்கின்றது, நீர் உறிஞ்சப்படுவதால் கட்டியும் உலர்ந்து இறுகுகின்றது.

இப்போது நோயறிதலின் உண்மையான சிக்கலுக்கு வருகின்றோம். எழுபது வயதான ஒருவர், இரண்டு நாளாக வாந்தியும் வயிற்றுப் பொருமலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகின்றார் எனக் கொள்வோம். மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்க்குமுன் கண்ணால் பார்க்கும்போதே பழைய தழும்பு தெரிகின்றது. நிமிர்ந்த நிலையில் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தில், உப்பிய சிறுகுடலில் காற்றும் நீரும் படிப்படியாக நிற்கும் மட்டங்கள் தெரிகின்றன. அடைப்பு உண்டு என்பது உறுதி. காரணம் யாது? தழும்பு இருப்பதால் ஒட்டுக்களே என்ற முடிவுக்கு எவரும் வருவர். பெரும்பாலும் அம்முடிவு சரியாகவும் இருக்கும். ஒட்டுக்களால் ஆன அடைப்புகளிற் பல, மூக்கின் வழியே குழாய் இட்டு இரைப்பையை உறிஞ்சி வெறுமையாக்கி, நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றிக் காத்திருந்தால் தாமாகவே அவிழ்ந்துவிடும். மினசோற்றாவைச் சேர்ந்த ஓவன் வாங்கென்சுதீன் 1930களில் பரப்பிய இவ்வுறிஞ்சல் முறை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆபத்தின் அறிகுறி தோன்றாதவிடத்து இரண்டு மூன்று நாள்வரை காத்திருப்பதும் ஏற்கத்தக்கதே.

ஆனால் அதே தழும்பு இன்னொரு செய்தியையும் கூறுகின்றது. அது இரைப்பையில் செய்த அறுவையின் தழும்பு; ஆகவே நார்க்கட்டியின் தழும்பாகவும் இருக்கலாம். ஒட்டு அவிழும், கட்டி பெரும்பாலும் அவிழாது. ஒட்டு என நம்பிக் காத்திருக்கும் மூன்று நாளில், கட்டி அழுத்திக்கொண்டிருக்கும் குடற்சுவர் நசிந்துகொண்டே போகும். ஒரே தழும்பு இரு வேறு நோய்களுக்குச் சாட்சியாக நிற்கின்றது என்பதே இந்நோயின் பொறி. வயிற்றில் தழும்பு உண்டு என்று குறித்துக்கொள்வது போதாது. அது எந்த அறுவையின் தழும்பு என்று கேட்டறிதல் வேண்டும். குடல்வளரியை நீக்கிய தழும்பும் குன்மத்துக்காக இட்ட தழும்பும் ஒரே பொருளைத் தருவன அல்ல.

அடுத்தது உணவைப் பற்றிய கேள்வி. இதுவே மிக எளிது; இதுவே மிகவும் தவறவிடப்படுவது. "என்ன சாப்பிட்டனீங்கள் ஐயா?" என்று மருத்துவர் கேட்கின்றார். "சோறும் கறியும்தான் டொக்டர், வேறையொண்டும் இல்லை" என்று விடை வருகின்றது. பொய்யன்று அது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் சாப்பாடு என்பது சோறு, பிட்டு, இடியப்பம் முதலியன. பின்னேரம் திண்ணையில் இருந்து கடித்த கிழங்கு சாப்பாட்டுக் கணக்கில் வருவதில்லை. அது வெறும் தீன். "கிழங்கு, ஒடியல் ஏதும் கடிச்சனீங்களோ?" என்று பெயர் சுட்டிக் கேட்டால்தான், "ஓம், முந்தநாள் மகள் அவிச்சுத் தந்தவள், ரண்டு மூண்டு திண்டனான்" என்ற விடை கிட்டும். பல் உண்டா, கட்டிய பல் அணிந்து உண்டாரா, தும்பை உரித்தாரா என்ற கேள்விகளும் உடன் எழவேண்டும். இன்னுமொரு தடையும் உண்டு. ஒடியலும் கூழும் வறியோர் உணவு என்ற எண்ணம் சிலரிடத்து இன்றும் நிலவுவதால், படித்த மருத்துவர் முன்னே அதனைச் சொல்லக் கூசுவோரும் உளர்.

ஆங்கிலத்தில் பயின்ற மருத்துவர், அந்நூல்கள் தரும் கேள்விப் பட்டியலையே மனத்திற் கொண்டிருப்பர். அப்பட்டியலில் பேர்சிமன் இருக்கும், தோடம்பழம் இருக்கும், பனங்கிழங்கைத் தேடினும் காண்பதரிது. மருத்துவ அறிவு நோயாளியின் மொழிக்குள் இறங்கி வராவிடின் எங்கே இடறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. யாழ்ப்பாண மண்ணில் இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டவர் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இங்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்த அவர், தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மாணவருக்குக் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். சத்திர சிகிச்சை பற்றிய ஆங்கில நூலொன்று 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இலும், உடலமைப்பு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இலும் தமிழில் வெளிவந்தன. அம்பி 1967இல் எழுதிய 'கிறீனின் அடிச்சுவடு' இவ்வரலாற்றை நம் தலைமுறைக்கு மீட்டுத் தந்தது. கிறீனைப் போற்றி விழா எடுப்பது எளிது. அவர் சென்ற பின் அம்முயற்சி தொடரவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோதும் போதனை ஆங்கிலத்திலேயே அமைந்தது. உலக அறிவோடு தொடர்பு வேண்டும் என்னும் நியாயத்தை மறுப்பதற்கில்லை. எனினும் நோயாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளையேனும், இவ்வூர் உணவையும் இவ்வூர்ச் சொற்களையும் அறிந்து தமிழில் தொகுத்து மாணவர் கையிற் கொடுத்தல் இயலாததொன்றன்று.

ஐயம் தோன்றிய பின்னரே கருவிகள் முழுப்பயன் தருகின்றன. கழியொலிப் பரிசோதனையில், குடலினுள் வில்போல் வளைந்த ஒளிர்கோடும் அதன் பின்னே அடர்ந்த நிழலும் தோன்றுமாயின் கட்டி எனக் கருதலாம். ஆயினும் உப்பிய குடலில் உள்ள காற்று பெரும்பாலும் காட்சியை மறைத்துவிடும். இன்று நம்பத்தகுந்த சான்று தருவது சீ.ரீ. ஸ்கான். உப்பிய குடலும் சுருங்கிய குடலும் சந்திக்கும் இடத்தில், கடற்பஞ்சு போல் சிறுசிறு காற்றுக் குமிழிகள் சிதறிய, எல்லை தெளிவான ஒரு திரள் குடலினுள்ளே தென்படும். நெடுநேரம் அடைபட்ட குடலில் தேங்கிய உணவும் சிலவேளை இவ்வாறே தோன்றும். அது எல்லையின்றி நீண்டு பரந்திருத்தலால் வேறுபடுத்தல் கூடும். நோயாளி அண்மையில் கிழங்கு உண்டவர் என்ற குறிப்பு விண்ணப்பத் தாளில் ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தால், படத்தை வாசிப்பவரின் கண் அத்திரளைத் தேடும். எழுதப்படாவிடின் அதுவே கண்முன் இருந்தும் காணப்படாமற் போகலாம். நீரில் கரையும் நிறமூட்டியைக் குழாய்வழி செலுத்தி இருபத்துநான்கு மணிநேரத்துள் அது பெருங்குடலை அடைகின்றதா எனப் பார்த்தலும் பயனுடைத்து. அடையாவிடின் மேலும் காத்திருத்தல் வீண். வலி அலையாக வராமல் இடைவிடாது நிற்றல், காய்ச்சல், நாடித்துடிப்பு விரைதல், வயிற்றைத் தொட்டால் தாங்கமுடியாமை என்பன தோன்றின், எந்தப் பரிசோதனையின் முடிவுக்கும் காத்திராது வயிற்றைத் திறத்தல் வேண்டும்.

வீட்டில் செய்யத்தகாதது ஒன்றை இவ்விடத்துக் கூறியாக வேண்டும். மலம் போகவில்லை என்றதும் பேதிமருந்தோ ஆமணக்கெண்ணெயோ கொடுத்தல் நம்மவர் வழக்கம். சாதாரண மலச்சிக்கலுக்கு ஏற்ற அது, அடைபட்ட குடலுக்குக் கொலைக்கருவி. மூடிய வாயிலின்மேல் குடலை மேலும் உந்தித் தள்ளச்செய்து துளைபடுவதை விரைவுபடுத்தும். வாந்தியும் பொருமலும் கூடிய மலத்தடைக்கு வாய்வழி எதனையும் கொடாது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதே முறை. நெடுந்தீவு போன்ற இடத்தில் இருப்பவர் குறிகட்டுவான் வரை கடல்கடந்து, பின்னர் தரைவழி யாழ்ப்பாணம் சேரவேண்டும். அத்தகையோர் விடியட்டும் பார்ப்போம் என்று கழிக்கும் ஓரிரவின் விலை பெரிது.

சத்திர சிகிச்சை நோக்கில் இஃது எளிய நோய். நேரத்தோடு செய்தால் மிக எளிது. முதலில் உப்புநீர் ஏற்றி, இழந்த பொற்றாசியத்தை ஈடுசெய்து, சிறுநீர் பிரியத் தொடங்கியதை உறுதிசெய்து கொண்டபின் வயிறு திறக்கப்படுகின்றது. கட்டி நிற்கும் இடம் கைக்கு உடனே தட்டுப்படும். குடலை வெட்டாமலே, அதன் சுவருக்கு வெளியிருந்து விரல்களால் கட்டியை மெல்ல நசித்து உதிர்த்து, பால் கறப்பது போலக் கீழ்நோக்கி வருடிக் குருட்டுக்குடலினுள் செலுத்திவிடுதலே முதலில் முயலத்தக்கது. பெருங்குடல் அகன்றது; அங்கு சென்றதும் தொல்லை தீரும். பேர்சிமன் கட்டி போன்று கல்லாய் இறுகியதை இவ்வாறு நசிக்க முயன்றால் குடற்சுவர் கிழியும். அப்போது கட்டியைச் சற்று மேலே, சுவர் நலமாயுள்ள இடத்துக்குப் பின்தள்ளி, அங்கே நெடுக்காக ஒரு சிறு வெட்டு இட்டு வெளியே எடுத்து, வெட்டைக் குறுக்காகத் தைத்து மூடுவர். நெடுக்காகவே தைத்தால் குடல் அவ்விடத்தில் ஒடுங்கிவிடும். சுவர் அழுகியிருப்பின் அப்பகுதியை நீக்கி இரு முனைகளையும் இணைப்பதன்றி வழியில்லை. முதியவர் ஒருவருக்கு அச்சிகிச்சையின் சுமை முன்னையவற்றினும் பன்மடங்கு. இக்காலத்தில் சிறு துளைகள் இட்டுக் கருவி செலுத்திச் செய்வதும் உண்டு. ஆயினும் பெரிதும் உப்பிய குடலில் அதற்குக் கைத்திறன் மிக வேண்டும்.

அறுவை முடிந்தது எனத் தையலிடுமுன் செய்யவேண்டிய ஒன்றை அவசரத்தில் மறப்போர் உண்டு. நார்க்கட்டி பலவேளை தனித்து வருவதில்லை. இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடல் முழுவதையும் சாண் சாணாகக் கையால் வருடி, இன்னொரு கட்டி உண்டா எனப் பார்த்தல் வேண்டும். இரைப்பையில் எஞ்சிய ஒன்று சில நாளில் இறங்கி வந்து மீண்டும் அடைக்குமாயின், ஒட்டு என்றோ தையலின் குறை என்றோ பழி வேறெங்கோ விழும். நோயாளி தேறிய பின் அகநோக்கிக் குழாயால் இரைப்பையைப் பார்த்துவிடுதல் நன்று.

இரைப்பையிலேயே தங்கி நிற்கும் கட்டிக்கு அறுவை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. அகநோக்கியின் வழியே கருவி செலுத்தி உடைத்தெடுக்கலாம். 2002இல் கிரேக்க மருத்துவர் சிலர் கொக்கா கோலாவால் இரைப்பையைக் கழுவி நார்க்கட்டியைக் கரைத்ததாக வெளியிட்டனர். பின்னர் பலரும் அதனைக் கையாண்டு, மென்மையான கட்டிகளில் நற்பயனும் பேர்சிமன் கட்டிகளில் குறைந்த பயனும் கண்டனர். பானத்தின் அமிலமும் காபனீரொட்சைட்டுக் குமிழிகளும் நாரின் இடைவெளிகளுள் நுழைந்து கட்டியை இளக்குகின்றன என்பது விளக்கம். நம் நாட்டில் எவ்வூர்க் கடையிலும் கிடைக்கும் ஒரு பானம் மருந்தாவது வியப்புக்குரியதே. ஆனால் வாசகர் எவரும் இதனைக் கைமருந்தாகக் கொள்ளல் ஆகாது. அரைகுறையாக இளகிய கட்டி கீழிறங்கிச் சிறுகுடலை அடைத்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. குடல் ஏற்கெனவே அடைபட்டவருக்கு வாய்வழி எதுவும் கொடுத்தலே தவறு. பப்பாசிப் பாலில் உள்ள பப்பெயின் நொதியமும் முன்னர் இவ்வாறு பயன்பட்டது. இரைப்பைச் சுவரையும் அது புண்ணாக்குவதால் இன்று விரும்பப்படுவதில்லை.

வராமல் தடுப்பதற்கு மருந்து எதுவும் வேண்டியதில்லை. குன்மத்துக்கு அறுவை செய்தவரும் பல்லில்லாதவரும் நெடுநாள் நீரிழிவு உடையவரும் கிழங்கைக் கைவிடவேண்டும் என்று கட்டளையிட்டால், தை மாதத்தில் அதனைக் கேட்பார் எவரும் இரார். அவர்கள் உண்ணும் விதத்தை மாற்றுதலே இயலக்கூடியது. ஒடியல் மாவாக இடித்து அரித்து எடுத்ததில் நீண்ட தும்பு இராது. கூழாகவோ பிட்டாகவோ உண்ணத் தடையில்லை. அவித்த கிழங்கை நெடுக்கே பிளந்து உரிப்பதோடு நில்லாமல், குறுக்கே மெல்லிய வில்லைகளாக அரிந்தால் தும்பின் நீளம் விரற்கடையளவும் இராது. அளவிற் குறைந்தது பின்னிக்கொள்ளவும் மாட்டாது. பல்லிழந்த முதியோர் வெற்றிலை பாக்கை இடிப்பதற்கு வைத்திருக்கும் சிற்றுரல் இன்றும் சில வீடுகளில் உண்டு. அவித்த கிழங்கையும் மிளகையும் உள்ளியையும் உப்பையும் அதனுள் இட்டு மசிய இடித்து, மிஞ்சிய தும்பைக் கையால் நீக்கி, ஒரு சிறு உருண்டையாக்கிக் கொடுத்தால், இரைப்பை இழந்த அரைகல்லின் வேலையை அவ்வுரலே செய்து முடித்துவிடும்.